காற்றில்லாத நாளில் அலை எங்கிருந்து வருகிறது? உகந்தைக் கடலில் இறங்குமுன்

ஜூன், ஜூலை மாதங்களில் இலங்கை வானொலியில் வானிலை அறிக்கை கேட்பவர்களுக்கு ஒரு வரி மனப்பாடமாகியிருக்கும்: கொழும்பிலிருந்து காலி, அம்பாந்தோட்டை ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு அவ்வப்போது கொந்தளிப்பாகக் காணப்படும். அதே வாரத்தில் பொத்துவிலை அடுத்த அறுகம் குடாவில் அலைச்சறுக்கு ஆட வந்தவர்கள் குவிந்திருப்பார்கள். அதே வாரத்தில், அதே கிழக்குக் கரையில், நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம் மாதிரிக் கிடக்கும்.

மூன்றும் உண்மை. கேட்பவருக்குத்தான் குழப்பம். கொந்தளிக்கும் என்று எச்சரித்த கடலுக்கு ஏன் ஆட்கள் தேடிப் போகிறார்கள்? ஒரே கரையில் ஓரிடத்தில் ஆளுயர அலையும் இன்னோரிடத்தில் தெளிந்த நீரும் எப்படி? அறுகம் குடாவில் நெரிசல் என்று தெற்கே பானமையைத் தாண்டி உகந்தைக் கரைக்குப் போக நினைப்பவர்களுக்கு இந்தக் கேள்விகள் மிக முக்கியம். அங்கே தண்ணீரில் இறங்கலாமா, எந்த இடத்தில் இறங்கலாம் என்பதற்கான விடை இவற்றுக்குள்தான் இருக்கிறது.

இரண்டு வகை அலை

கரையில் நாம் தினமும் பார்க்கும் அலை காற்றில் பிறந்தது. எங்கே அடித்த காற்று என்பதைப் பொறுத்து அது இரண்டு வகைப்படும்.

1. உள்ளூர்க் காற்றலை. நம் கண்முன் அடிக்கும் காற்று எழுப்புவது. ஒழுங்கற்றது, குட்டையானது. ஒரு முகடு கடந்து அடுத்த முகடு வர 4 முதல் 8 விநாடி ஆகும். காற்று ஓய்ந்தால் சில மணி நேரத்தில் இதுவும் ஓய்ந்துவிடும்.

2. தூர அலை. சர்ஃபர்கள், அதாவது அலைச்சறுக்குக்காரர்கள், ஸ்வெல் என்று சொல்வது. எங்கோ பெரிய புயல் கிளப்பி, அந்தப் புயலை விட்டு வெளியேறி, பெருங்கடலைக் கடந்து வருவது. முகட்டுக்கு முகடு 12 முதல் 18 விநாடி. பார்த்தால் மெதுவாக, வரிசை வரிசையாக வரும்.

முகட்டுக்கும் முகட்டுக்கும் இடையிலான இந்த நேரத்துக்கு அலைக்காலம் என்று பெயர். கட்டுரை முழுக்க இந்தச் சொல் வரும். அலையின் உயரத்தை எல்லோரும் கேட்கிறார்கள், அலைக்காலத்தை யாரும் கேட்பதில்லை. ஆனால் அலையின் குணத்தைச் சொல்வது அதுதான்.

அறுகம் குடாவுக்கும் உகந்தைக்கும் வரும் தூர அலை பிறக்கும் இடம் தென் அரைக்கோளத்தில், 40 முதல் 50 பாகை அகலக்கோடுகளுக்கு இடைப்பட்ட கடல். ஆப்பிரிக்காவின் தென்முனைக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவில், சில தீவுகளைத் தவிர, அந்தக் காற்றைத் தடுக்க நிலமே கிடையாது. அங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்ட் குளிர்காலம். புயல்கள் அடுத்தடுத்து வரும் காலமும் அதுதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14 விநாடி அலைக்காலம் உள்ள ஓர் அலைக்கு ஆழ்கடலில் முகட்டுக்கு முகடு ஏறத்தாழ 300 மீட்டர் நீளம் இருக்கும். அதன் ஆற்றல் மணிக்கு 40 கிலோமீட்டர் அளவில் நகரும். 45 பாகை தெற்கிலிருந்து பொத்துவில் இருக்கும் 7 பாகை வடக்குக்கு 5,800 கிலோமீட்டர் அளவு தூரம். ஆக, இன்று உகந்தைப் பாறையில் மோதும் அலை ஆறு நாளைக்கு முன்னால் கிளம்பியது. நாம் வீட்டில் பயணப் பையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோதே அது வந்துகொண்டிருந்தது.

இதிலிருந்து இரண்டு விஷயங்கள் புரியும். முதலாவது, கரையில் காற்று இருக்கிறதா இல்லையா என்பதற்கும் அலை எவ்வளவு பெரிது என்பதற்கும் தொடர்பே இல்லாமல் போகலாம். ஓலை கூட அசையாத காலையில் ஆளுயர அலை வரும். இரண்டாவது, நீளமான அலை ஆழத்திலேயே அடிநிலத்தை உணரத் தொடங்குகிறது. அலை நீளத்தில் பாதி ஆழத்துக்குள் வந்ததும் கடலடி அதை இழுத்துப் பிடிக்கும். 300 மீட்டர் நீள அலைக்கு அந்த ஆழம் 150 மீட்டர். அங்கிருந்தே அது வேகம் குறைந்து, திசை வளைந்து, கரையை நெருங்கும்போது உயரமாக எழும்புகிறது. நடுக்கடலில் ஒரு மீட்டராகக் கிடந்தது கரையில் அதைவிடப் பெரிதாக விழும்.

கேரளத்திலும் தமிழகத்திலும் செய்திகளில் வரும் 'கள்ளக்கடல்' இதே சங்கதிதான். உள்ளூரில் புயலும் இல்லை, காற்றும் இல்லை, கடல் மட்டும் திருடன் போல் ஏறி வருவதால் மீனவர்கள் வைத்த பெயர் அது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். அந்த நாட்களில் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. அந்த எச்சரிக்கை கடற்கரைக்குப் போகிறவர்களுக்குப் புரியும் மொழியில், அந்தக் கரையிலேயே, போய்ச் சேர வேண்டும். அதற்கு வானிலை மையம் மட்டும் போதாது. நாமும் அலைக்காலம் என்ற ஒரு சொல்லையாவது பழகிக்கொள்ள வேண்டும்.

கச்சான் செய்யும் வேலை

சரி, தெற்கிலிருந்து வரும் அலை என்றால் அது முதலில் காலியையும் மிரிஸ்ஸவையும்தானே மோத வேண்டும்? மோதுகிறது. கிழக்கைவிடப் பலமாகவே மோதுகிறது. ஆனால் மே முதல் செப்டம்பர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கரைக்கு வீசுகிறது. அந்தக் காற்று அலையின் முதுகில் அடித்து முகட்டைக் கலைத்துவிடும். தூர அலையோடு உள்ளூர்க் காற்றலையும் சேர்ந்து கடல் குழம்பிக் கிடக்கும். வானொலி சொல்லும் கொந்தளிப்பு அது.

அதே காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி, கிழக்குப் பக்கம் சூடாகவும் வறண்டும் இறங்குகிறது. மட்டக்களப்பு, அம்பாறை மக்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கச்சான் காற்று என்று அவர்கள் சொல்வது இதைத்தான். வானிலை அறிவியலும் அந்தத் தமிழ்ப் பெயரையே எடுத்துக்கொண்டிருக்கிறது. மலையைக் கடந்து சூடாகி இறங்கும் காற்று வகைகளில் ஒன்றாக உலக வானிலைச் சொல்லகராதியில் கச்சானுக்கு இடம் உண்டு. ஜூன், ஜூலையில் பகல்நேரக் கடற்காற்றையே அது பின்னுக்குத் தள்ளிவிடும் அளவுக்கு வீசும்.

பயிருக்கும் உடம்புக்கும் ஆகாத இந்தக் காற்று அலைக்கு நல்லது செய்கிறது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால், எழும்பி வரும் அலையின் முகத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. அலை அவசரப்பட்டு உடையாமல், நிமிர்ந்து நின்று, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சுருண்டு விழுகிறது. அலைச்சறுக்குக்காரர்கள் கடல் கடந்து வருவது இந்த ஒழுங்குக்காகத்தான். அறுகம் குடாவின் பருவம் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை என்று சொல்வதன் பொருள், அந்த மாதங்களில் தெற்கின் அலையும் மேற்கின் காற்றும் சரியாகப் பொருந்துகின்றன என்பதே. நவம்பரில் வாடைக்காற்று தொடங்கியதும் நிலைமை தலைகீழாகும். அப்போது தெற்கு, தென்மேற்குக் கரைக்குத்தான் நிலக்காற்று. இக்கடுவை, மிதிகம, வெலிகம பக்கம் பருவம் மாறிவிடும்.

வானிலை அறிக்கைக் குழப்பமும் இங்கே தீர்கிறது. அந்த அறிவிப்பு கடலோடிகளுக்கானது, கரையிலிருந்து தள்ளி ஓடும் வள்ளங்களுக்கும் ஆழ்கடல் படகுகளுக்கும் உரியது. நிலக்காற்று கரையோரத்தில் அலை எழுப்ப இடம் போதாது. சில கிலோமீட்டர் தள்ளிப் போனால் அதே காற்று கடலைப் புரட்டும்.

இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. காற்று நிரப்பிய மெத்தை, பெரிய நீச்சல் வளையம், நின்று துடுப்புப் போடும் பலகை ஆகியவற்றைக் கச்சான் அடிக்கும் நேரத்தில் கடலில் இறக்கவே கூடாது. கரையோரம் தண்ணீர் வழவழவென்று இருக்கும், பிள்ளைகள் சந்தோஷமாக மிதப்பார்கள். மிதவை பாய்மரம் மாதிரிக் காற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விடும். சற்றுத் தூரம் போனபின் நிலைமை முற்றிலும் வேறு.

முனை செய்யும் வேலை

அலை கரைக்கு நேராக வந்து ஒரே நேரத்தில் முழு நீளத்துக்கும் இடிந்து விழுந்தால் அதில் சறுக்க முடியாது. ஓரிடத்தில் உடையத் தொடங்கி, பக்கவாட்டில் உடைந்துகொண்டே போக வேண்டும். அதற்குத்தான் முனை தேவை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் பாறையோ மேடோ அலையின் ஒரு நுனியை முதலில் பிடித்து நிறுத்தும். மறு நுனி ஆழத்தில் வேகமாக ஓடும். அதனால் அலை முனையைச் சுற்றி வளையும். தெற்கிலிருந்து வரும் அலை கிழக்கு நோக்கிய கரையில் இப்படி வளைந்து, வடக்குப் பக்கமாக உடைந்துகொண்டு போகும். கரையைப் பார்த்து நிற்கும் சர்ஃபருக்கு அது வலப்பக்கம். பொத்துவில் தொடங்கி உகந்தை வரை உள்ள முனைகளின் பொதுக் குணம் இது.

வடக்கிலிருந்து எண்ணினால் விஸ்கி பாயிண்ட், பொத்துவில் பாயிண்ட், அறுகம் குடாவின் மெயின் பாயிண்ட், அதற்குள்ளே பேபி பாயிண்ட், தெற்கே எலிஃபண்ட் ராக், பீனட் ஃபாம், பானமை, கடைசியாக உகந்தை. மெயின் பாயிண்ட் பாறைப்படுகையில் உடையும் அலை, பழகியவர்களுக்கு உரியது. பேபி பாயிண்ட், விஸ்கி பாயிண்ட், எலிஃபண்ட் ராக் ஆகியவை மென்மையானவை. தொடங்குபவர்களை அங்கேதான் அழைத்துப் போவார்கள்.

அலை எங்கே உடையும் என்பதற்கு ஓர் எளிய விகிதம் உண்டு. தண்ணீரின் ஆழத்தில் முக்கால் பங்குக்கு மேல் அலையின் உயரம் போனதும் அது கவிழும். அப்படியானால் ஒரு மீட்டர் அலை உடையும் இடத்தில் ஆழம் 1.3 மீட்டர் அளவுதான். மெயின் பாயிண்டில் அந்த 1.3 மீட்டருக்குக் கீழே இருப்பது பாறை. அலையிலிருந்து விழும்போது தலைகுப்புறப் பாயக் கூடாது, உடம்பைத் தட்டையாக வைத்து, கைகளால் தலையை மூடிக்கொண்டு விழ வேண்டும் என்று பயிற்சி தருபவர்கள் சொல்வது இதனால்தான்.

நிலாவெளி ஏன் குளம் மாதிரி என்பதற்கும் இங்கே விடை கிடைக்கிறது. தீவின் தென்கிழக்கு மூலையைத் தாண்டியதும் தெற்கு அலை கரையோரமாகவே வடக்கே ஓடுகிறது. ஒவ்வொரு முனையும் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்கிறது. போகப் போகத் தேய்ந்துவிடும். உள்வாங்கிய குடாவும் பாறைத்திட்டும் காக்கும் பாசிக்குடாவுக்கு மிச்சம் ஏதும் போய்ச் சேர்வதில்லை. ஆகவே 'கிழக்குக் கரை அமைதியாக இருக்கும் காலம்' என்று பயணக் கையேடுகளில் வரும் வாசகம் திருகோணமலைக்குப் பொருந்தும். உகந்தைக்குப் பொருந்தாது.

திரும்பிப் போகும் தண்ணீர்

இவ்வளவு நேரம் அலை உள்ளே வருவதைப் பார்த்தோம். உயிருக்கு உலை வைப்பது அது திரும்பிப் போகும் வழி.

ஒவ்வொரு அலை உடையும்போதும் கரைக்கு அருகே தண்ணீர் சேர்ந்துகொண்டே போகிறது. சேர்ந்த தண்ணீர் எங்காவது வெளியேற வேண்டும். மணல்திட்டில் பள்ளம் எங்கே இருக்கிறதோ, பாறை எங்கே கரையைத் தொடுகிறதோ, அங்கே ஒரு வாய்க்கால் போல் திரண்டு கடலை நோக்கி ஓடும். இதுதான் இழுவை நீரோட்டம், ரிப் என்று சர்ஃபர்கள் சொல்வது. சாதாரண நாளில் விநாடிக்கு அரை மீட்டர் அளவில் ஓடும். பலமான நாளில் விநாடிக்கு 2 மீட்டரையும் தாண்டும். உலகின் மிக வேகமான நீச்சல் வீரர்கள் 50 மீட்டரை 21 விநாடி அளவில் கடக்கிறார்கள், அதாவது விநாடிக்கு 2.4 மீட்டர். ஊர்க் குளத்தில் நன்றாக நீந்துகிறவர் விநாடிக்கு ஒரு மீட்டரைச் சில நிமிடம் தாக்குப்பிடித்தாலே பெரிது.

இந்த வாய்க்கால் ஆழமாக இருப்பதால் அதன் மேல் அலை உடையாது. இருபுறமும் வெள்ளை நுரை பொங்க, நடுவில் ஒரு பாதை மட்டும் கருநீலமாக, சாதுவாகத் தெரியும். பிள்ளைகளோடு வந்தவர்கள் 'இங்கே அலை இல்லை, இங்கேயே இறங்குவோம்' என்று தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அந்த இடத்தைத்தான். கடலைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அலையடிக்கும் கரையில், அலையே இல்லாத ஒடுங்கிய நீர்ப்பாதை ஓடும் நீர்.

சர்ஃபர்களுக்கு இதே பாதை நல்வரவு. பலகையில் படுத்துக் கையால் துழாவி, அலை உடையும் இடத்துக்கு வெளியே போக அவர்கள் பயன்படுத்தும் சாலை அது. எனவே சர்ஃபர்கள் இறங்கும் இடத்தில் நாமும் இறங்கினால் பாதுகாப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் காலில் பலகை கட்டியிருக்கிறது, வெளியே போவதுதான் அவர்கள் நோக்கம்.

கரையில் நின்றபடி இதைக் கண்டுபிடிக்க உதவும் அடையாளங்கள்:

1. நுரை வரிசையில் இடைவெளி. கொஞ்சம் உயரமான இடத்திலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். உகந்தையில் பாறை மேடு இருப்பதால் இது சுலபம்.
2. மணல் கலங்கிய பழுப்பு நீர் நாக்கு நீட்டியது போல் கடலுக்குள் போவது.
3. இலை, ஓலை, நுரை ஆகியவை கரைக்கு வராமல் வெளியே நகர்வது. முழங்கால் நீரில் நின்று ஒரு காய்ந்த ஓலைத் துண்டைப் போட்டுப் பார்க்கலாம்.
4. பாறை ஓரம். மணல் வாய்க்கால்கள் வாரத்துக்கு வாரம் இடம் மாறும். பாறையை ஒட்டிய வாய்க்கால் பெரும்பாலும் அதே இடத்தில் இருக்கும். எனவே பாறைக்குப் பக்கத்தில் குளிப்பதையே தவிர்த்துவிடலாம்.

அப்புறம், நேரம். தூர அலைகள் தொகுதி தொகுதியாக வரும். சில பெரிய அலைகள், அதன் பின் பத்து, பதினைந்து நிமிடம் கூடச் சிறு அலைகள். பெரிய தொகுதி கரையில் நீரை நிரப்பிவிட்டுப் போனதும்தான் இழுவை உச்சத்துக்குப் போகும். கரைக்கு வந்தவுடன், அடங்கியிருக்கும் நேரத்தில் இறங்குகிறவர்கள் இடுப்பளவு நீரில் நிற்கும்போது அடுத்த தொகுதி வந்து சேரும். இறங்குமுன் 20 நிமிடம் உட்கார்ந்து பார்க்கச் சொல்வதன் காரணம் இதுவே. ஒரு முழுச் சுற்றையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

சரி, எங்கேதான் குளிப்பது? முனைக்கு வடக்கே உள்வாங்கியிருக்கும் மறைவில். வள்ளங்களை எங்கே கட்டியிருக்கிறார்கள், எங்கே கரையேற்றுகிறார்கள் என்று பாருங்கள். தினமும் வள்ளத்தை இறக்கி ஏற்றுகிறவர்கள் அந்தக் கரையின் மிகச் சாதுவான இடத்தைத் தலைமுறைகளாகத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள். அறுகம் குடாவில் படகுகள் தென்முனையின் மறைவில் நிற்பது இதனால்தான். வாடியில் (கரையோர மீனவர் குடிசையில்) இருக்கும் ஒரு மீனவரிடம் 'அண்ணே, எங்க குளிக்கலாம்?' என்று கேட்பது எந்த வரைபடத்தையும்விட நம்பகமானது.

ஆளில்லாத கரை என்றால்

உகந்தை அறுகம் குடாவிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தெற்கே. கடலோரத்திலேயே உகந்தமலை முருகன் கோயில். அதைத் தாண்டினால் குமண தேசிய வனம் தொடங்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்தும் கிழக்கு ஊர்களிலிருந்தும் கதிர்காமத்துக்கு நடந்து போகும் பாதயாத்திரிகர்கள் காட்டுக்குள் நுழையுமுன் தங்குவது இங்கேதான். காட்டுப்பாதை அந்தச் சில நாட்களுக்கு மட்டுமே திறந்துவிடப்படும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு பொருத்தம் இருக்கிறது. பாதயாத்திரையும் உகந்தைத் திருவிழாவும் ஜூலையை ஒட்டி வருகின்றன. தென் அரைக்கோளத்தின் புயல்கள் உச்சத்தில் இருக்கும் நாட்களும் அவையே. வருடம் முழுக்கச் சில சர்ஃபர்களும் மீனவர்களும் மட்டும் நடமாடும் கரையில், அலை மிகப் பெரிதாக இருக்கும் வாரங்களில்தான் ஆயிரக்கணக்கான அடியார்கள் குளிக்க இறங்குகிறார்கள். அவர்களில் பலருக்குக் கடல் பழக்கம் இல்லை. நாள் கணக்கில் நடந்து களைத்த கால்கள். சேலையும் வேட்டியும் நனைந்தால் கனக்கும், காலைச் சுற்றும். முழங்காலுக்கு மேல் போகாமல் முழுக்குப் போடுவதும், பாறைப் பக்கத்தைத் தவிர்ப்பதும், ஒருவர் குளிக்கும்போது இன்னொருவர் கரையில் நின்று பார்ப்பதும் இங்கே பக்திக்கு எந்தக் குறையும் வைக்காது.

மற்ற நாட்களில் தனிமைதான் உகந்தையின் அழகு. அதே தனிமையால் உயிர்காப்பாளர் கோபுரத்தையோ, மிதவைகளையோ, பக்கத்தில் மருத்துவரையோ எதிர்பார்க்க முடியாது. வைத்தியசாலைக்கு நம்பிப் போக வேண்டியது பொத்துவிலுக்கு. இலங்கையில் அவசர ஆம்புலன்ஸுக்கு 1990 என்ற எண். 'சுவசெரிய' என்ற இந்தச் சேவை இலவசம், வெளிநாட்டவருக்கும் சேர்த்து. ஆனால் தூரம் தூரம்தான்.

கடல் மட்டுமே கவலை அல்ல. பானமைச் சாலையில் அந்தி சாய்ந்தால் யானைகள் கடக்கும். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். கரைக்குப் பின்னால் இருக்கும் களப்புகள் (கடலோரக் காயல்கள்) கடலைவிட அமைதியாக, நிழலாக, அழைப்பது போல் இருக்கும். அவற்றில் முதலைகள் உண்டு. 2017 செப்டம்பரில் எலிஃபண்ட் ராக் அருகே களப்போரம் போன ஓர் இளம் பிரித்தானியரை முதலை இழுத்துச் சென்றது. கை கழுவக்கூடக் களப்போரம் குனியாதீர்கள்.

இழுத்துப் போனால்

கடல் காலைப் பிடித்துக் கீழே இழுக்கும் என்ற பயம் நம்மிடம் ஊறிப்போனது. இழுவை நீரோட்டம் ஆளைக் கீழே இழுப்பதில்லை, வெளியே கொண்டுபோகும். அலை உடையும் வரிசையைத் தாண்டியதும் பெரும்பாலும் வலுவிழந்துவிடும். ஆட்கள் மூழ்குவது கரையை நோக்கி நேராக, ஓட்டத்தை எதிர்த்து நீந்திக் களைத்துப் போவதால்.

1. எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சைச் சீராக்குங்கள். ஒரு கையை உயர்த்திக் காட்டுங்கள்.
2. ஓட்டம் தளர்ந்ததும் கரைக்கு இணையாக, அலை உடையும் வெள்ளைப் பகுதியை நோக்கி நகருங்கள். நுரை பொங்கும் இடம் ஆழம் குறைந்த இடம். அங்கே அலையே உங்களைக் கரைக்குத் தள்ளும்.
3. பக்கவாட்டு ஓட்டம் இருந்தால் அதோடு போங்கள். தெற்கு அலை காரணமாக இந்தக் கரையில் நீர் பொதுவாக வடக்கே ஓடும். இறங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும் என்ற பிடிவாதம் ஆபத்து. வடக்கே ஏறி, நடந்து வரலாம்.

கரையில் நிற்பவர்களுக்கு இது இன்னும் கடினம். ஒருவர் தத்தளிப்பதைப் பார்த்து அண்ணன் குதிப்பார், பின்னால் அப்பா குதிப்பார். ஒரே குடும்பத்தில் இரண்டு மூன்று பேர் இறக்கும் செய்திகளின் பின்னால் பெரும்பாலும் இந்த வரிசை இருக்கிறது. வெறுங்கையோடு இறங்காதீர்கள். மிதக்கும் எதையாவது எறியுங்கள்: மூடி இறுகிய காலித் தண்ணீர்க் கலன், சர்ஃப் பலகை, உயிர்காப்பு அங்கி. பலகையோடு ஒரு சர்ஃபர் அருகில் இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள். கண்ணை மட்டும் ஆளிடமிருந்து எடுக்காதீர்கள்.

மூச்சில்லாமல் மீட்கப்பட்டவருக்கு வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயல்வது வீண். வாய்வழியே ஐந்து முறை மூச்சு ஊதி, பிறகு 30 முறை நெஞ்சமுக்கம், இரண்டு மூச்சு என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். நீரில் மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று என்பதால்தான் மூச்சில் தொடங்குகிறோம். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் வெளிப்படலாம்.

போகும் முன் பார்க்க வேண்டிய எண்கள்

அலை முன்னறிவிப்புகள் இப்போது கைபேசியிலேயே கிடைக்கின்றன. நான்கு எண்கள்: உயரம், அலைக்காலம், திசை, காற்று. உயரத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். அலை சுமந்து வரும் ஆற்றல் உயரத்தின் வர்க்கத்தோடும் அலைக்காலத்தோடும் சேர்ந்து கூடுகிறது. 1.2 மீட்டர், 8 விநாடி என்ற நாளையும் 1.2 மீட்டர், 16 விநாடி என்ற நாளையும் ஒப்பிட்டால் இரண்டாவது நாளின் அலை இரண்டு மடங்கு வலுவோடு வருகிறது. அலைக்காலம் மாறாமல் உயரம் மட்டும் 2.4 மீட்டராகக் கூடினால் வலு நான்கு மடங்காகும். நீந்திக் குளிக்க மட்டும் போகிறவர்கள் அலைக்காலம் 14, 15 என்று இருக்கும் நாளில் உகந்தையில் கரையோரம் காலை நனைப்பதோடு நின்றுகொள்வது நல்லது.

திசை தெற்கு, தென்கிழக்கு என்றால் அலை முனைகளுக்கு நேராக வருகிறது. காற்று மேற்கிலிருந்து என்றால் நிலக்காற்று. கச்சான் தளர்ந்த நாட்களில் முற்பகல் கடந்ததும் கடற்காற்று எழுந்து அலையைக் கலைக்கும். விடியற்காலையிலேயே சர்ஃபர்கள் இறங்கிவிடுவது அதற்காகத்தான். கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கம் (ஓதம்) இலங்கையில் ஒரு மீட்டருக்கும் குறைவு. மணற்கரையில் அது பெரிதாகத் தெரியாது. ஆனால் பாறைப்படுகை மேல் அரை மீட்டர் நீர் குறைந்தாலே விழுபவருக்கு வித்தியாசம் தெரியும்.

நவம்பரில் வாடையும் மழையும் வந்ததும் இந்தக் கணக்கில் ஒரு பகுதி அழிந்துவிடும். களப்புகள் நிரம்பி முகத்துவாரங்கள் உடைத்துக்கொண்டு ஓடும், வடகிழக்கு அலை மணலை வாரி இடம் மாற்றும். பாறை அங்கேயே நிற்கும், மணல்திட்டும் அதிலிருந்த பள்ளமும் அங்கே இருக்காது. போன வருடம் பிள்ளைகள் குளித்த இடத்தை அடுத்த ஏப்ரலில் வள்ளக்காரரிடம் மறுபடியும் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.